பிஷப்புகளுக்காகச் சொத்தை இழந்த பார்லிமென்ட்காரர்

கேள்வி இது: "17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வரலாற்றைத் திறந்தால் 'கன்ட்ரி ஜென்டில்மேன்' என்று ஒரு வகை ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இவர்கள் நில வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களா, அரசியல்வாதிகளா? உள்நாட்டுப் போர் வந்தபோது எதை வைத்துப் பக்கம் பிரிந்தார்கள்?"

பொதுவாகப் பதில் சொன்னால் வர்க்கம், மதம், வரி என்று மூன்று வார்த்தையில் முடிந்துவிடும், ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். பக்கிங்ஹாம்ஷயர் கவுண்டியில் மிடில் கிளேடன் என்ற ஊரின் சொந்தக்காரர், சர் ரால்ஃப் வெர்னி. 1613-இல் பிறந்து 1696-இல் இறந்தார். பெரிய தலைவர் இல்லை. போரில் வாள் எடுக்கவில்லை. அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், தனக்கு வந்த கடிதத்தில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர் அவர். அவர் குடும்பத்தின் 17-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் மட்டும் 30,000-க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. அதனால் வேறு யாரைப் பற்றியும் தெரியாத சங்கதிகள் இவரைப் பற்றித் தெரியும்: மெத்தையை எலி தின்றது வரைக்கும்.

முதலில் 'ஜென்டில்மேன்' என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். கையால் உழைக்காமல் குத்தகைப் பணத்தில் வாழ்பவர் என்பது அடிப்படை. ஆனால் அந்தக் குத்தகைப் பணம் முழுக்க அவருடையது இல்லை, இதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நிலம் மூத்த மகனுக்குப் போகும், துண்டாடக் கூடாது. தம்பிகளுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று அந்த நிலத்தின் மேல் எழுதி வைத்திருப்பார்கள். தங்கைகளுக்கு வரதட்சணை அதே நிலத்திலிருந்து வரவேண்டும். அப்பா வாங்கிய கடனுக்கு மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பான். ஆக வாரிசு என்பவன் சொத்தை அனுபவிப்பவன் என்பதைவிட, ஒரு பெரிய குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் பிரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை என்பதே பொருத்தம். ரால்ஃப் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை அதுதான். இதோடு ஊர்ப் பஞ்சாயத்து, நீதி நிர்வாகம், கவுண்டியின் படைப் பொறுப்பு, சமயம் வாய்த்தால் பார்லிமென்ட். எதற்கும் சம்பளம் கிடையாது. கௌரவம் உண்டு.

வெர்னிகள் பழைய குடும்பம். 15-ஆம் நூற்றாண்டில் ஒரு ரால்ஃப் வெர்னி லண்டன் மேயராக இருந்தார், அவர் காலத்தில்தான் கிளேடன் கைக்கு வந்தது. வந்தும் பல தலைமுறை அதில் குடியிருக்கவில்லை. நீண்ட குத்தகையில் வேறு குடும்பத்திடம் இருந்தது. 1620-இல் நம் ஆளின் அப்பா சர் எட்மண்ட் அந்தக் குத்தகையை விலை கொடுத்து மீட்டுக் குடியேறினார். 'கிளேடன்' என்றாலே களிமண் மேடு என்றுதான் பொருள். குளிர்காலத்தில் வண்டிச்சக்கரம் புதையும் பூமி.

அப்பா எட்மண்ட் அரண்மனைக்காரர். சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலிருந்தே அவருடைய வேலையில் இருந்தவர். 1623-இல் ஸ்பானிஷ் இளவரசியைப் பெண் கேட்டு சார்லஸ் மாட்ரிட் போனபோது இவரும் கூட இருந்தார். சார்லஸ் அரசரானதும் அரண்மனை எல்லைக்குள் ஒழுங்கைக் காக்கும் நைட் மார்ஷல் பதவி கிடைத்தது. பதவி பெரிது, செலவும் பெரிது. அரசர் தரும் ஊதியம் எப்போதும் பாக்கியிலேயே இருக்கும். இன்ன வரியை வசூலித்துக்கொள், இன்ன உரிமத்தில் பங்கு எடுத்துக்கொள் என்று காகிதமாகக் கொடுப்பார்கள். மகள்களின் வரதட்சணைக்கு எட்மண்ட் நம்பியிருந்தது கம்பளித் துணிக்கு முத்திரை குத்தும் வரியிலிருந்து வரும் பங்கை. அரசர் இருக்கும் வரை அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. பிற்பாடு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ரால்ஃபுக்கு 1629-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 15, பெண்ணுக்கு 13. பெண் மேரி பிளாக்னால், அபிங்டன் ஊர்க்காரர், தாய் தந்தை இல்லாத ஒற்றை வாரிசு. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மைனர் குழந்தையின் பாதுகாப்பு அரசருக்குச் சொந்தம், அதை விலைக்கு விற்பார்கள். வாங்கியவர் குழந்தையின் சொத்தை நிர்வகிக்கலாம், கல்யாணத்தையும் முடிவு செய்யலாம். மேரியின் உறவினர்களே காசு கொடுத்து அந்த உரிமையை வாங்கினார்கள், எட்மண்ட் அவர்களோடு பேசி முடித்தார். கல்யாணம் ஆனதும் பையன் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பைத் தொடர்ந்தான், பெண் தன் உறவினர் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு வருடம் கழித்துத்தான் கிளேடனுக்கு வந்தாள். முழுக்க முழுக்கச் சொத்துக் கணக்கு பார்த்துச் செய்த சம்பந்தம். ஆனால் பின்னாளில் மேரி எழுதிய கடிதங்களில் கணவரை 'என் அன்புப் போக்கிரி' என்றுதான் கூப்பிடுகிறார். இந்த மேரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அந்தக் குடும்பத்தின் உண்மையான அரசியல்வாதி அவர்தான்.

1630-களில் ரால்ஃபின் அன்றாடம் எப்படி இருந்தது? பாதி கிளேடனில், பாதி லண்டன் கோவென்ட் கார்டனில் அப்பா வாடகைக்கு எடுத்த வீட்டில். லண்டனில் இருந்தால் உறவுக்காரர், சிநேகிதர் எல்லாருக்கும் எடுபிடி வேலை. வயதான லேடி சசெக்ஸ் என்ற குடும்ப நண்பர், ஓவியர் வான் டைக்கிடம் தன் படத்தை வரையச் சொல்லும் பொறுப்பை ரால்ஃபிடம் கொடுத்தார். படம் வந்ததும் தான் ரொம்பக் குண்டாகத் தெரிவதாகப் புகார். ரால்ஃப் போய் ஓவியரிடம் பேசி மெலிய வைத்தார். அந்த அம்மாள் நன்றி சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறது. ஐரோப்பாவின் மகா ஓவியரிடம் போய் 'அம்மாவைக் கொஞ்சம் இளைக்க வையுங்கள்' என்று கேட்பதும் ஒரு ஜென்டில்மேனின் கடமைதான்.

சரி, அரசியலுக்கு வருவோம். சார்லஸ் பதினொரு வருடம் பார்லிமென்டைக் கூட்டாமல் ஆண்டார். ஸ்காட்லாந்தோடு போர் வந்து பணம் தேவைப்பட்டதும் 1640-இல் இரண்டு முறை கூட்டினார். இரண்டுக்கும் ரால்ஃப் அய்ல்ஸ்பரி ஊரின் உறுப்பினர், அப்பா எட்மண்ட் விக்கம் ஊரின் உறுப்பினர். அப்பாவும் மகனும் ஒரே சபையில். இரண்டாவதாகக் கூடியதுதான் 'நெடும் பார்லிமென்ட்'. 1641 மார்ச்சில் ரால்ஃபுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

சபையில் அவர் பெரிதாகப் பேசியவர் இல்லை. குறிப்பு எடுத்தார். காகிதத்தை நீளவாக்கில் மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு பென்சிலால் கிறுக்குவார். அரசரின் முக்கிய ஆலோசகர் ஸ்ட்ராஃபோர்ட் பிரபுவின் விசாரணை, திருச்சபையை பிஷப்புகள் ஆளலாமா என்ற சண்டை, எல்லாம் அந்தத் துண்டுகளில் இருக்கின்றன. 1642 ஜனவரி 4-ஆம் தேதி, அரசர் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சபைக்குள் நுழைந்த நாள், அன்றும் ரால்ஃப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குறிப்பு அலாதியானது. அரசர் இருநூறு முந்நூறு ஆட்களோடு வருகிறார். அவர்களை வெளியே ஹாலில் நிற்கச் சொல்லிவிட்டு, தன் அக்கா மகனை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். கதவு சாத்தப்படவில்லை. ராக்ஸ்பரோ பிரபு கதவில் சாய்ந்தபடி நிற்கிறார். அதை ரால்ஃப் எழுதி வைத்திருக்கிறார். கதவு திறந்தே இருந்தால்தான் வெளியே நிற்கும் ஆயுதக்காரர்கள் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவார்கள். ஒரு வார்த்தை வர்ணனை கிடையாது, ஆனால் மிரட்டல் முழுக்க அந்தச் சாய்ந்த தோளில் இருக்கிறது. அரசர் ஐந்து பேர் எங்கே என்று கேட்கிறார். சபாநாயகர் மண்டியிட்டு, சபை சொன்னாலொழியத் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்கிறார். தன் கண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று அரசர் சொல்லிவிட்டு, பறவைகள் பறந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு திரும்புகிறார்.

அதே வருடம் போர். ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் அரசர் தன் கொடியை நட்டார். அந்தக் கொடியைத் தாங்கும் பொறுப்பு அப்பா எட்மண்டுக்கு. மகன் ரால்ஃப் லண்டனில், பார்லிமென்ட் பக்கம்.

இங்கேதான் 'எதை வைத்துப் பக்கம் பிரிந்தார்கள்' என்ற கேள்வி வருகிறது. எட்மண்டுக்குப் போரின் காரணத்தில் நம்பிக்கையே இல்லை. பிற்பாடு கிளாரண்டன் பிரபு ஆன எட்வர்ட் ஹைட், தன்னிடம் அவர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்: முப்பது வருடம் அரசர் உப்பைத் தின்றுவிட்டேன், இப்போது கைவிடும் கீழ்த்தரமான காரியத்தைச் செய்ய மாட்டேன், உயிர் போகும் என்று தெரியும், ஆனால் இந்தச் சண்டைக்குக் காரணமான பிஷப்புகள் மேல் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னது 'ரொட்டி', நம் பாஷையில் அது உப்புதான்.

மகனுக்கோ பிஷப்புகள் இருக்கும் பழைய திருச்சபை வேண்டும், ஆனால் அரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ஆக பிஷப்பை மதிக்காத அப்பா, பிஷப்புக்காக நடந்த போரில் அரசர் கொடியைப் பிடித்தார். பிஷப்பை விரும்பிய மகன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கொள்கையை வைத்துப் பக்கம் பிரிப்பவர்கள் இந்த வீட்டு வாசலில் வந்து தடுக்கி விழத்தான் வேண்டும்.

ரால்ஃபின் தம்பி, அவர் பெயரும் எட்மண்ட், அரசரின் படையில் சேர்ந்தவர். இளைய எட்மண்டைக் குடும்பத்தில் 'மன்' என்பார்கள். செப்டம்பரில் அவர் அண்ணனுக்கு எழுதினார்: நான் பயந்தது நிஜமாகிவிட்டது, நீங்கள் அரசருக்கு எதிராகப் போய்விட்டீர்கள், இது அழகில்லை, இவ்வளவு நேசிக்கும் உங்களுக்கு அப்பாவும் நானும் எதிரிகளாக வேண்டியிருப்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ரால்ஃப் இந்தக் கடிதத்தையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 23, எட்ஜ்ஹில் போர். எட்மண்ட் அன்று கவசமும் போடவில்லை, தடித்த தோல் கோட்டும் போடவில்லை. ஏன் என்று தனக்குத் தெரியவில்லை என்று அருகிலிருந்த நண்பர் எட்வர்ட் சிடன்ஹாம் ரால்ஃபுக்கு எழுதினார். எனக்கு என்னமோ அது அவ்வளவு புரியாத விஷயமாகப் படவில்லை. கொடிக்கம்பின் முனை உடையும் வரை சண்டை போட்டு விழுந்தார். வேலைக்காரர் ஜேசனும் பக்கத்திலேயே செத்தார். கொடியைப் பிற்பாடு ஜான் ஸ்மித் என்ற அதிகாரி மீட்டார். எட்மண்டின் உடல் கிடைக்கவே இல்லை. வெட்டுப்பட்ட கை மட்டும் கொடிக்கம்பைப் பிடித்தபடி, விரலில் அரசர் கொடுத்த மோதிரத்தோடு கிடைத்தது என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அது கதை.

28 வயதில் ரால்ஃப் குடும்பத் தலைவர் ஆனார். அம்மா முந்தின வருடமே இறந்திருந்தார். கணக்கைப் பாருங்கள்: ஆறு தங்கைகள், ஐந்து பேருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரதட்சணைக்கு வைத்த முத்திரை வரிப் பங்கு அரசரோடு போயிற்று. மூன்று தம்பிகள்: மன் நல்லவர், எதிர்ப்படையில். ஹென்றிக்குக் குதிரைப் பந்தயமே உலகம். டாம் என்கிற தாமஸ் ஒரு தனி அத்தியாயம். அவரைத் திருத்துவதற்காக 1634-இல் வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றினார்கள், சீக்கிரமே திரும்பி வந்தார். பிறகு பார்படோஸ் தீவு, அங்கிருந்து மண்ணையும் பழங்களையும் வர்ணித்து நீண்ட கடிதங்கள், கடைசியில் பணம், வேலையாட்கள் அனுப்பு என்ற கோரிக்கை. வாழ்நாள் முழுக்க பைபிள் வசனம் கலந்து கடன் கேட்டே வாழ்ந்தார். 1707 வரை இருந்தார், தொண்ணூறு தாண்டி. நல்ல தம்பிக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. 1649-இல் அயர்லாந்தின் டிராகெடா நகரை பார்லிமென்ட் படைத் தளபதி குரோம்வெல் பிடித்தபோது, சண்டை ஓய்ந்து, உயிர்ப்பிச்சை கொடுத்த பிறகு, யாரோ தனியே கூப்பிட மன் போனார். அங்கேயே குத்திக் கொன்றார்கள்.

ரால்ஃபின் திருப்புமுனை 1643-இல். பார்லிமென்டுக்கு ஸ்காட்லாந்துப் படை தேவைப்பட்டது. அதற்கு விலையாக ஒரு உறுதிமொழி: ஸ்காட்லாந்து பாணியில் திருச்சபையைச் சீர்திருத்துவோம், பிஷப் முறையை ஒழிப்போம். செப்டம்பரில் உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் செயிண்ட் மார்கரெட் தேவாலயத்தில் வரிசையாக நின்று சத்தியம் செய்தார்கள். ரால்ஃப் செய்யவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. அரசர் பக்கம் ஓடவும் இல்லை. மனைவியையும் குழந்தைகளில் இருவரையும் கூட்டிக்கொண்டு, ரால்ஃப் ஸ்மித் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிரான்ஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மூன்று வயது ஜாக் என்கிற ஜான் மட்டும் கிளேடனில் அத்தைகளோடு.

இது தைரியமா, கோழைத்தனமா? அவருடைய நண்பர்களுக்கே பிடிபடவில்லை. போருக்கு முன் மரியாதையாகப் போட்ட பல சத்தியங்களை ஊரெல்லாம் நெளித்துக்கொண்டிருந்த காலம். பல பேர் வாயால் சொல்லி மனதுக்குள் விலக்கு வைத்துக்கொண்டார்கள். ரால்ஃபுக்கு அது முடியவில்லை. காகிதத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் குணம் அவருக்கு. கணக்கு எழுதுபவனின் மனசாட்சி என்று சொல்லலாம். அதற்கான விலை சீக்கிரமே வந்தது. 1645 செப்டம்பரில் சபைக்கு வராத குற்றத்துக்காக உறுப்பினர் பதவி பறிபோனது. அடுத்து கிளேடன் நிலம் ஜப்தி. பார்லிமென்டுக்கு எதிரான 'குற்றவாளி' என்று பெயர். அரசருக்காக ஒரு கல்லைக்கூட எறியாதவருக்கு.

அதற்கு முன்பே போர் ஊருக்குள் வந்துவிட்டது. பக்கத்து ஹில்ஸ்டன் மாளிகை ரால்ஃபின் அம்மா பிறந்த வீடு, ரால்ஃபும் பிறந்தது அங்கேதான். 1644 மார்ச்சில் பார்லிமென்ட் படை அதைப் பிடித்துக் கொளுத்தியது. முற்றுகையிட்ட படையிலிருந்த கேப்டன் அபர்குரோம்பி, முற்றுகைக்குள் இருந்த சூசன் டென்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். ரால்ஃபின் சித்தி அவர். ஒரு வருடத்துக்குள் அந்தக் கேப்டனும் போரில் செத்தார்.

ரால்ஃப் பிரான்ஸில் பிளுவா நகரில் குடியிருந்தார். பணம் வருவதே அதிசயம். ஊரிலிருந்த காரியஸ்தர் ரோட்ஸுக்கு வாரம் தவறாமல் கடிதம்: எந்தக் குத்தகைக்காரன் எவ்வளவு பாக்கி, எந்த மரத்தை வெட்டலாம். லண்டனில் தாய்மாமன் டாக்டர் வில்லியம் டென்டன் இருந்தார். அரண்மனை வைத்தியர், தமாஷான மனிதர், இரு பக்கமும் நோயாளிகள் உள்ளவர். அவர்தான் 1646-இல் யோசனை சொன்னார்: நீ வராதே, உன் மனைவியை அனுப்பு, பெண்கள் இவ்வளவு பயன்பட்ட காலம் இதற்கு முன் இருந்ததில்லை, ஜப்தி விவகாரத்தைப் பார்க்கும் கமிட்டி ஆட்களிடம் ஒரு ஆண் போய் நிற்பதைவிட அவர்கள் போனால் காரியம் நடக்கும்.

அந்த வருடக் கடைசியில் மேரி தனியாகக் கடல் கடந்தார். கர்ப்பிணி. லண்டனில் வாடகை அறை, உடல்நலக் குறைவு, கமிட்டி வாசலில் காத்திருப்பு. அந்தக் கடிதங்களைப் படித்தால் கை பதறும். பழைய நண்பர்கள் முகம் திருப்பினார்கள். எந்த உறுப்பினருக்கு யார் மூலம் சொல்ல வேண்டும், கேஸை எந்தக் கமிட்டிக்குக் கொண்டுபோனால் தோற்கும், எந்த நாளில் நம் ஆட்கள் சபையில் அதிகம் இருப்பார்கள் என்று அவர் போட்ட கணக்கு சாதாரணமானதில்லை. அங்கே பிளுவாவிலிருந்து கணவர், என் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதக்கூடாதா என்று குறைப்பட்டுக்கொள்கிறார். இந்த இடத்தில் எனக்கு ரால்ஃப் மேல் கோபம்தான் வரும்.

1647 ஜூனில் லண்டனில் ஆண் குழந்தை. ரிச்சர்ட் என்று பெயர் வைக்கச் சொன்னார் ரால்ஃப். மேரி கேட்கவில்லை, கணவர் பெயரையே வைத்தார். பிறகு கிளேடனுக்குப் போனார். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கும் வீடு. படைகள் வந்து தங்கிப் போயிருந்தன. துணிமணி எல்லாம் நைந்துவிட்டது. இரும்புச் சாமான்களைத் துரு தின்றிருந்தது. இறகு மெத்தைகளைப் பாதுகாக்கச் சுவருக்குள் வைத்து அடைத்திருந்தார்கள், எலிகள் உள்ளே புகுந்து தின்றிருந்தன. ஜாக் அம்மாவைப் பார்த்தான். கால்கள் வளைந்திருந்தன, இவ்வளவு கோணலான கால்களை எந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை என்று எழுதினார். உடனே, கால் எப்படி இருந்தாலும் அருமையான பிள்ளை என்றும், அப்பாவிடம் பிரான்ஸ் போக ஆசைப்படுகிறான் என்றும் எழுதினார்.

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு சாவு. கைக்குழந்தை இங்கிலாந்தில் இறந்தது. பிளுவாவில் அப்பாவிடம் இருந்த மகள் பெக் வயிற்றுக் கடுப்பில் இறந்தாள். மகனின் சாவு அப்பாவுக்கும், மகளின் சாவு அம்மாவுக்கும் கடிதம் வழியாகத்தான் தெரிந்தது.

அந்த நிலையிலும் மேரி வேலையை விடவில்லை. 1648 ஜனவரியில் ஜப்தி ரத்தானது. ஆயுதம் எடுக்காமல் ஊரில் இல்லாதது மட்டும் குற்றமில்லை என்ற வாதம் ஜெயித்தது. ஜாக்கைக் கூட்டிக்கொண்டு அவர் பிளுவா திரும்பினார். இரண்டு வருடம்தான். 1650 மே மாதம் இறந்துபோனார். வயது 34. ரால்ஃப் உடலைத் தைலமிட்டுப் பதப்படுத்தி, கப்பலில் ஏற்றி மிடில் கிளேடன் தேவாலயத்துக்கு அனுப்பி வைத்தார். கூடப் போக முடியவில்லை. பிறகு 46 வருடம் வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வெர்னி வீட்டில் ஒரு பெரிய கறுப்புக் கட்டில் உண்டு. கறுப்புத் திரை, கறுப்பு விரிப்பு, அறைச் சுவருக்குத் தொங்கவிடும் கறுப்புத் துணி, எல்லாம் சேர்ந்தது. உறவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தக் கட்டிலை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள், துக்கம் காப்பவர் அதில் படுப்பார். லேடி சசெக்ஸின் கணவர் இறந்தபோதும் ரால்ஃப் அதை அனுப்புவதாகச் சொன்னார். ஒரு கட்டில், ஒரு கவுண்டி முழுக்கச் சுற்றிய துக்கம்.

1653-இல் ரால்ஃப் ஊர் திரும்பினார். மன்னர் இல்லாத குரோம்வெல் ஆட்சி. 1655-இல் அரசர் கட்சிச் சதியில் சந்தேகம் என்று அவரையே பிடித்துக்கொண்டு போய் செயிண்ட் ஜேம்ஸ் மாளிகையில் சில மாதம் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தால், பழைய அரசர் கட்சிக்காரர்கள் மேல் போட்ட பத்தில் ஒரு பங்கு வரி. நான் பார்லிமென்ட் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்று அவர் வாதாடியது எடுபடவில்லை. நாளும் பொழுதும் அர்த்தம் மாறும் வார்த்தைகள் அந்தக் காலத்தில் 'நம்மவர்', 'எதிரி' என்ற இரண்டுதான்.

இதற்கு நடுவே கடனை அடைக்கும் வழி தேடினார். 1654 முதல் 1656-க்குள் மிடில் கிளேடனின் பொது வயல்களை வேலியடைத்து மேய்ச்சல் நிலமாக்கினார். களிமண் பூமிக்கு உழவைவிடப் புல்தான் லாபம், குத்தகை கூடிற்று. சிறிய பட்டைகளில் உழுதுகொண்டு, அறுவடைக்குப் பின் எல்லாருமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஊரின் அமைப்பு அத்தோடு போயிற்று. ரால்ஃபை நல்லவர் என்று எழுதுபவர்கள் இதைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அவர் குத்தகைக்காரர்களிடம் கொடுமைக்காரர் இல்லை என்பது சரி. ஆனால் தங்கைகளின் வரதட்சணை கடைசியில் யார் நிலத்திலிருந்து வந்தது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

மன்னர் ஆட்சி திரும்பியதும் 1661-இல் பரம்பரையாக வரும் பாரனெட் பட்டம் வந்தது. அடுத்த முப்பது வருடம் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர் வேலைதான்: யாருக்கு யாரைக் கட்டலாம், எந்தப் பத்திரத்தில் என்ன ஓட்டை, எந்த வேலைக்காரருக்குக் கல்லறைச் செலவு. டாக்டர் டென்டனின் மகள் நான்சி இவருக்கு ஞானமகள். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் கற்று உங்களை மிஞ்சப் போகிறேன் என்று எழுத்துப்பிழையோடு அவள் எழுதினாள். அவ்வளவு பேராசை வேண்டாம் கண்ணே, தாய்மொழியில் பைபிளும் ஜெபப் புத்தகமும் போதும், வேண்டுமானால் பிரெஞ்சு படி என்று இவர் பதில் எழுதினார். தன் சொத்தையே ஒரு பெண்ணின் அறிவு மீட்டுக் கொடுத்த மனிதர் எழுதிய பதில் இது.

அறுபத்தேழு வயதில் மறுபடி பார்லிமென்ட் ஆசை. பக்கிங்ஹாம் ஊருக்கு 1681, 1685, 1689 ஆகிய மூன்று பார்லிமென்டுகளிலும் உறுப்பினர். அந்த ஊரில் மொத்த ஓட்டு 13. பெய்லிஃப் என்ற ஊர்த் தலைவர் ஒருவர், பர்ஜஸ் என்ற ஊர்ச்சபை உறுப்பினர் பன்னிரண்டு பேர். அவ்வளவுதான் தொகுதி. பதிமூன்று பேருக்கும் விருந்து வைத்து, மான் இறைச்சி அனுப்பி, மனைவிமார் உடல்நலம் விசாரித்து நடக்கும் தேர்தல். கொள்கைப் பிரசங்கம் எதற்கு? 1640-இல் அரசரை எதிர்த்த சபையில் இருந்தவர், 1689-இல் இன்னொரு அரசரான இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போன பிறகு கூடிய சபையிலும் உட்கார்ந்தார். அந்த இரண்டையும் பார்த்தவர்கள் அன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள்.

வாரிசு விஷயம் வேறு மாதிரி முடிந்தது. மூத்த மகன் எட்மண்டுக்கு 1662-இல் பக்கத்து ஈஸ்ட் கிளேடனின் வாரிசு மேரி ஏபெல்லைக் கட்டி வைத்தார். நிலத்தோடு நிலம் சேர்ந்தது. பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. எட்மண்ட் 1688-இல் அப்பாவுக்கு முன்பே போனார், அவருடைய மகன்களும் தப்பவில்லை. கடைசியில் எல்லாம் போய்ச் சேர்ந்தது அந்தக் கோணல் கால் ஜாக்கிடம். வியாபாரம் படித்து, சிரியாவின் அலெப்போவில் பன்னிரண்டு வருடம் வணிகம் செய்து, சொந்தக் காசோடு திரும்பியவர். பின்னாளில் ஃபெர்மனா பிரபு ஆனார். ஜென்டில்மேன் குடும்பம் கடை வைத்தவன் கையால் பிழைத்தது.

கடிதங்கள் கிளேடன் மாளிகையின் மேல்மாடியில் மரப்பலகை அடித்த நீள அறையில் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தெனோப், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, அவற்றை எடுத்துப் படித்துத் தொகுக்க ஆரம்பித்தார். அதனால்தான் நான் இவ்வளவு சொல்ல முடிகிறது.

ஊர் திரும்பிய 1653-லேயே ரால்ஃப் செய்த ஒரு காரியம் பாக்கி. மிடில் கிளேடன் தேவாலயத்தில் எட்வர்ட் மார்ஷல் என்ற சிற்பியைக் கொண்டு குடும்ப நினைவுச் சின்னம் வைத்தார். நான்கு மார்பளவுச் சிலைகள்: உடல் கிடைக்காத அப்பா, அம்மா, மேரி, நான்காவதாகத் தன்னுடையது. அப்போது அவருக்கு நாற்பது வயது. அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று வருடம், ஊரில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், மனைவியின் பக்கத்தில் பளிங்காக இருக்கும் தன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார்.